தாய்ப்பாலும் வேலை நேரமும்



ஆகஸ்ட் முதல் வாரம் வந்தால் நம் ஆஸ்பத்திரிகளிலும் அங்கன்வாடிகளிலும் தாய்ப்பால் வாரம் நடத்துகிறார்கள். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள், பிறந்த பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப் பாலும் வேண்டாம், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்கிறார்கள். எல்லாம் சரியான பேச்சு. ஆனால் கேட்கிற பெண் விடிந்ததும் கம்பெனி பஸ் ஏற வேண்டியவள் என்றால் என்ன செய்வாள்? பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும். தினமும் பத்து மணி நேரம் பிள்ளையைப் பிரிந்திருந்தால் முதலில் பால் கட்டிக்கொண்டு வலிக்கும், பிறகு சுரப்பே குறையும். இதை அறியாமை என்று சொல்லக் கூடாது. பாலூட்டலின் வரலாற்றை வேலை நேரத்தின் வரலாறாகவும் படிக்க வேண்டும் என்பதே என் வாதம்.

வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து கோலார் தங்கவயலுக்கும் மலேயாவுக்கும் பிழைக்கப் போனவர்கள் ஏராளம். மலேயாவில் பால்மரம் வெட்டப் போன தாய், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போனாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் அந்த இடத்துக்குப் பிள்ளை மடுவம் என்று பெயர். தாய் அருகில் இல்லாத இடத்தில்தான் டின் பால் வியாபாரம் நுழைகிறது. 1939இல் சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், சர்க்கரை சேர்த்த டின் பாலைக் குழந்தை உணவென்று விற்பதைக் கண்டித்து ரோட்டரி சங்கத்தில் பேசினார். ‘பாலும் கொலையும்’ என்பதே அந்த உரையின் தலைப்பு. குழந்தைகளுக்கான பால் பவுடர் விளம்பரத்தை இந்தியா சட்டம் போட்டுத் தடுத்தது 1992இல்தான்.

விளம்பரத்தைத் தடுத்தால் மட்டும் தாய்க்கு நேரம் கிடைத்துவிடாது. அந்த நேரத்துக்காகச் சட்டசபையில் பேசியவர்களில் ஒருவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1928 ஜூலை 28 அன்று பம்பாய் சட்டசபையில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்தார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், செலவில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும், ஆனாலும் அவள் உழைப்பில் லாபம் பார்க்கும் முதலாளியும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்றார். 1929இல் பம்பாயிலும் 1934இல் சென்னை மாகாணத்திலும் சட்டம் வந்தது.

அது நம் தெருவுக்கு வந்ததா? அன்றைய சட்டத்தில் தொழிற்சாலை என்றால் எந்திர விசையும் 20 தொழிலாளர்களும் இருக்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புக் குழியில் நடந்ததோ கையும் காலும் செய்த வேலை. விசை பூட்டாத தோல் ஷாப்பு, அரசு தனியே அறிவித்தாலொழிய, அந்தச் சொல்லுக்குள் அடங்கவில்லை.

1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. பதனிட்டு முடித்த தோலும் அதன் பின்னே ஷூ கம்பெனிகளும் பெருகின. தையல் மிஷினில் பெண்கள் உட்கார்ந்தார்கள். அதற்குள் 1961 சட்டம், பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை தந்திருந்தது. 2017 திருத்தம் முதல் இரு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகமும் தந்தது. 26 வாரம் என்பது மருத்துவர்கள் சொல்லும் அதே ஆறு மாதம்.

ஆனால் பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்ததாகக் கணக்கு இருக்க வேண்டும். காண்ட்ராக்டில் இருப்பவளுக்கு அந்தக் கணக்கை யார் எழுதுவது? பிள்ளை கிராமத்தில் பாட்டியிடம், தாய் பல மைல் தள்ளி மிஷினில் என்றால், கால் மணி நேர இடைவேளை எதற்கு உதவும்? ஷூவின் மேல்பகுதியை வீட்டிலிருந்தே கையால் தைத்துத் தரும் பெண்ணுக்குப் பிள்ளை மடியில்தான் இருக்கிறது. ஜோடிக் கணக்கில் கூலி என்பதால், பால் கொடுக்கும் நேரமெல்லாம் கூலி குறைகிறது. அவளுக்குக் காகிதத்தில் முதலாளியே கிடையாது.

அடுத்த ஆகஸ்டில் நீங்கள் நம் காலனிகளுக்குப் போகும்போது, பாலின் மகிமையைச் சொல்லத் தொடங்குமுன் தாயிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறாய்? அந்த நேரம் பிள்ளை யாரிடம் இருக்கிறது? உன் கூலியை யார் தருகிறார்? பதில்களை ஊர்வாரியாக எழுதி வையுங்கள். தொழிலாளர் துறையிடம் காப்பகமும் விடுப்பும் கேட்கப் போகும்போது நம் கையில் இருக்க வேண்டிய ஆவணம் அதுதான்.

ஜெய் பீம்.