கர்ப்பகால நீரிழிவும் குருதி, நரம்புப் பாதிப்புகளும்: ஒரு வரலாற்று நோக்கு

கர்ப்பத்தோடு தோன்றிப் பேற்றோடு மறையும் நோய் என்றே கர்ப்பகால நீரிழிவு நெடுங்காலம் கருதப்பட்டது. 1824 இல் பேர்லினில் பென்னெவிட்சு எழுதிய ஆய்வுரையிலேயே இப்பார்வையைக் காணலாம். தீராத் தாகத்தால் வருந்திய கர்ப்பிணியொருத்தியின் சிறுநீரில் அவர் வெல்லத்தைக் கண்டார். பேற்றின்பின் அது மறைந்தது. பருத்த குழவியோ இறந்தது. நீரிழிவைக் கர்ப்பத்தின் அறிகுறியென அவர் கொண்டார். ஆயின், இந்நோயின் விளைவுகள் பேற்றோடு முடிவனவல்ல.

பேற்றுக் குருதிப்பெருக்கிலிருந்து தாயைக் காக்குமாறு, கர்ப்பகாலத்திற் குருதியின் உறையுந்தன்மை இயல்பாகவே மிகுகின்றது. பைபிரினோசன் பெருகுகின்றது, உறைகட்டியைக் கரைக்கும் தொழிற்பாடு தளர்கின்றது. வெல்ல மிகுதியும் சேருங்கால் குருதிக்கலன்களின் உட்சுவர் ஊறுபடுகின்றது. குருதிச் சிறுதட்டுகள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. இவ்வாறு, காவலாய் அமைந்ததே சிலர்க்கு இடராகலாம்.

நரம்புத் தொகுதி பற்றிய விளக்கத்துக்கு 1950களில் டென்மார்க்கின் பெடர்சன் வழிவகுத்தார். தாயின் மிகை குளுக்கோசு சூல்வித்தகத்தைக் கடக்க, கருக்குழவி இன்சுலினை மிகுதியாகச் சுரக்கின்றது. கொப்பூழ்க்கொடி அறுந்ததும் குளுக்கோசு வரவு நிற்க, இன்சுலின் மட்டும் எஞ்சுகின்றது. அவ்வேளை நேரும் வெல்லக் குறைவு, கவனியாதுவிடின், மூளையைத் தாக்கக்கூடும். கருவின் நரம்புக்குழாய் மூடாமையோ கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் நேர்வது. அது முன்னரே நீரிழிவுற்ற தாயர்க்குரிய இடர். கர்ப்பகால நீரிழிவுற்றோர்க்குப் பின்னாளில் நிலையான நீரிழிவு வரும் வாய்ப்பு மிக அதிகம். அது கட்டுப்படாது நீடிப்பின் பாத நரம்புகள் உணர்விழக்கும்.

அறிவு வளர்ந்தமை மட்டும் போதாது. அது மக்களைச் சென்றடைதலும் வேண்டும். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தமை இவ்வகையில் நினையத்தக்கது. நம் காலத்தில், சென்னை மருத்துவர் வீ. சேசையாவும் அவர்தம் குழுவினரும் எளிய சோதனைமுறையொன்றை முன்வைத்தனர். கர்ப்பிணி பட்டினி கிடக்கவேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோசை அருந்தி, இரண்டு மணி நேரத்தின்பின் ஒருமுறை குருதி கொடுத்தாற் போதும். 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேற்படின் நோயெனக் கொள்ளப்படும். 2007 இல் தமிழ்நாட்டரசு கர்ப்பிணிகள் அனைவர்க்கும் இச்சோதனையை விதித்தது.

புங்குடுதீவு இறுப்பிட்டியிலிருந்து வேலணையூடாக யாழ்நகர் வரும் கர்ப்பிணியை எண்ணுக. வெறும் வயிற்றுடன் அத்துணைத் தூரம் வரவேண்டாமை சிறு சலுகையன்று. ஆயினும், பேற்றுக்குப்பின் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுள் அவளது குருதியை மீளச் சோதிப்பதும் இன்றியமையாதது. குழவியை நிறுக்கும் நாளில் தாயை மறந்துவிடின், 1824 இன் தவற்றையே நாமும் செய்தவராவோம்.