ஃப்ளோரிடா பாஸும் நம்மூர் விராலும்

டிசம்பர் லீவு விட்டதும் நியூ ஜெர்சி, மிச்சிகன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஃப்ளோரிடாவுக்குக் கிளம்பிவிடும். டிஸ்னி முடிந்ததும் சிலர் ஒரு நாள் கைடு வைத்துக்கொண்டு ஏரியில் பாஸ் மீன் பிடிக்கப் போவார்கள். இதற்கும் நம்ம சித்தூர், திருப்பதிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. கொஞ்சம் சரித்திரம் பார்ப்போம்.

பாஸுக்குப் பேர்போனது ஓக்கிசோபி ஏரி. சுமார் 1,900 சதுர கி.மீ. பரப்பு இருந்தும் சராசரி ஆழம் 9 அடிதான். 1928 புயலில் அன்றைய மண்கரை உடைந்து குறைந்தது 2,500 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு எழுந்ததுதான் 143 மைல் நீள ஹூவர் கரை. ஆழமில்லாத தண்ணீர், சுற்றிலும் கரை, ஓரமெல்லாம் கோரை. நம்மூர்க்காரர் கண்ணுக்கு இது ரொம்பப் பெரிய ஏரி, அவ்வளவுதான்.

வடக்கே ஏரிகள் உறைந்து கிடக்கும்போது இங்கே பாஸ் முட்டையிடக் கரையோரம் ஒதுங்க ஆரம்பிக்கும். பெரிய மீன் மாட்டுவது அப்போதுதான். அது எந்தக் கோரை ஓரத்தில் பதுங்கியிருக்கிறது என்று காட்டத்தான் கைடுக்குக் காசு.

நம்ம ஏரியில் இந்த இடத்தில் இருப்பது விரால். தெலுங்கில் கொர்ரமீனு. பாஸுக்கும் அதற்கும் உறவு கிடையாது, குணம் மட்டும் அப்படியே. பதுங்கியிருந்து பாயும், தவளையை விழுங்கும், குஞ்சுகளுக்குக் காவல் நிற்கும். காற்றைக் குடிக்க மேலே வந்து போகும்போது தண்ணீரில் எழும் சலனத்தை வைத்தே ஊர்க்காரர்கள் இடம் சொல்லிவிடுவார்கள். கைடு என்ற பெயர்தான் அவர்களுக்குக் கிடையாது.

சித்தூர் 1911 வரை வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகரம், மதராஸ் மாகாணத்தைச் சேர்ந்தது. அந்த மாகாணத்து அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1887-ல் ஏரி, குளத்து மீன்பிடிப்புக்கென்றே இன்னொன்று. துரைமார்களுக்கு அது பொழுதுபோக்கு. ஆனால் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே நம் ஊர்களில் ஏரி மீனுக்குக் கணக்கு எழுதியாகிவிட்டது.

கல்வெட்டுகளில் 'பாசிப்பாட்டம்' என்று ஒரு சொல் வரும். ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்கான வருமானம் அது. ஏரியில் மண் எடுக்கவும் கரையைச் செப்பனிடவும் அந்தப் பணத்தை ஒதுக்கிய ஊர்கள் உண்டு. உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரி வாரியம் இருந்தது. திருப்பதியில் பணம் வந்த வழி வேறு. விஜயநகர காலத்தில் பக்தர்கள் கொடுத்த பொன்னைக் கோயில் தன் கிராமங்களில் ஏரி, கால்வாய் வெட்டப் போட்டது. அதனால் கூடிய விளைச்சலிலிருந்து சாமிக்குப் படையல் நடந்தது. இதைச் சொல்லும் திருமலைக் கல்வெட்டுகளில் பெரும்பகுதி தமிழில்தான் இருக்கிறது.

வெள்ளைக்காரர் ஆட்சியில் ஏரி சர்க்கார் சொத்தானது. ஊரார் தாமாகச் செய்துவந்த மராமத்துக்கு 1858-ல் கட்டாய வேலைச் சட்டமே போட வேண்டி வந்தது.

இப்போது அமெரிக்காவுக்கு வாருங்கள். ஃப்ளோரிடாவுக்கு வெளியூரிலிருந்து போகும் நாம் 16 வயதாகிவிட்டால் ஏரியில் தூண்டில் போட லைசென்ஸ் எடுக்க வேண்டும். தூண்டில் கழி, ரீல் மீது தயாரிப்பாளரிடம் 10 சதவீதம் வரி உண்டு. 1950-ல் வந்த டிங்கெல்-ஜான்சன் சட்டப்படி அந்த வரி, மீன்வளத்தைக் காக்க மாநிலங்களுக்குப் போகிறது. லைசென்ஸ் பணத்தை வேறு செலவுக்குத் திருப்பினால் மாநிலத்துக்கு அந்தப் பங்கு கிடைக்காது. மீனால் வந்த பணம் மீனுக்கே. நம்ம பாசிப்பாட்டமும் இதே யோசனைதான்!

இதெல்லாம் பழம்பெருமை பேசுவதற்காக அல்ல. திருப்பதி பக்கத்தில் ராயலசெருவு என்ற பெரிய ஏரி இருக்கிறது. கிருஷ்ணதேவராயர் காலத்தது என்று ஊரில் சொல்வார்கள். 2021 நவம்பர் மழையில் அதன் கரையில் கசிவு கண்டு, கீழே இருந்த ஊர்களைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. மண்மூட்டை அடுக்கிச் சமாளித்தார்கள், கரை தாங்கியது. ஓக்கிசோபி ஏரிக்கரையைப் பலப்படுத்தும் வேலை 2023-ல் முடிந்தது, கோடிக்கணக்கான டாலர் செலவில். அங்கே 1928-ஐ யாரும் மறக்கவில்லை. நாம் 2021-ஐ மறக்காமல் இருப்போமா?

ஊரில் கோபுரத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பணம் அனுப்புகிறோம், நல்ல காரியம். அடுத்த முறை போன் பேசும்போது அப்பாவிடமோ சித்தப்பாவிடமோ ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள்: நம்ம ஏரி மீன் ஏலம் எவ்வளவுக்குப் போகிறது, அதில் கரைக்கு என்ன திரும்பி வருகிறது? பதில் தெரிந்தவர் ஊரில் ஒருவராவது இருந்தால் ஏரிக்கு இன்னும் ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.