கள்ளியைத் தின்ற பூச்சி

திண்டுக்கல்லைத் தாண்டி வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கம் போனால், மானாவாரிக் காட்டு வரப்புகளில் சப்பாத்திக்கள்ளி அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும். பழத்தைத் தரையில் தேய்த்து, உள்ளே இருக்கும் முள்ளையும் எடுத்துவிட்டுச் சாப்பிட்டால் நாக்கு ரத்தமாகச் சிவந்துவிடும். 'நம்ம ஊர்ச் செடிதானே' என்று நினைப்போம். இல்லை, இதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம்!

நூறு வருஷத்துக்கு முன்னால் இது 'அங்கொன்று இங்கொன்று' அல்ல. அன்றைய மதுரை, கோவை ஜில்லாக்களில் ஆள் நுழைய முடியாத புதராக மண்டிக் கிடந்தது. வெட்டினால் ஒழியாது. விழுந்த துண்டெல்லாம் வேர் விட்டுவிடும். மேய்ச்சல் நிலமும் விளைநிலமும் பறிபோக, விவசாயி என்ன செய்வார் பாவம்!

கதை சென்னையில் ஆரம்பிக்கிறது. மெக்சிகோவில் கள்ளியில் வாழும் ஒரு குட்டிப் பூச்சியைக் காயவைத்துச் சிவப்புச் சாயம் எடுத்தார்கள். பெயர் கொச்சினீல். ஸ்பெயினுக்குக் கொள்ளை லாபம். 'நாமும் செய்தால் என்ன?' என்று கம்பெனி டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். திப்புவின் ஆட்களிடமிருந்து திண்டுக்கல் கோட்டையைக் கம்பெனிப் படை பிடித்ததும் (1790) ஏறக்குறைய அதே சமயம்தான்.

தோட்டம் ரெடி, பூச்சி எங்கே? 1795-ல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சிகளைக் கொண்டுவந்தார். வந்தது அசல் இல்லை, மட்டமான காட்டு ரகம்! சாயம் தேறவில்லை. ஆனால், ஒரு வகைக் கள்ளியை அது தின்றே தீர்த்தது.

'அட, இதுகூட நல்லதுதானே!' என்று 1836-38 வாக்கில் அதையே தென்னிந்தியாவில் கொண்டுவந்து விட்டார்கள். களையை அழிக்கப் பூச்சியை ஏவிய, உலகின் முதல் முயற்சிகளில் ஒன்று இது. அந்த ஒரு ரகம் ஒழிந்தது. ஆனால் வேறொரு ரகக் கள்ளி பெருகிவிட்டது. அதைப் பழைய பூச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்தக் கள்ளிக்கு இந்தப் பூச்சி என்று அவ்வளவு கறாரான கணக்கு!

விடை 1926-ல் இலங்கையிலிருந்து வந்தது. கொச்சினீல் குடும்பத்திலேயே இன்னொரு பூச்சி. வெள்ளைப் பஞ்சு மாதிரி கள்ளி மடலில் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். நசுக்கினால் விரலெல்லாம் சிவப்பு. மடல்கள் சுருங்கி, அழுகி விழுந்தன. ஐந்தாறு வருஷத்தில் தென்னிந்தியாவில் சுமார் 40,000 ஹெக்டேர், அதாவது ஒரு லட்சம் ஏக்கர், விடுபட்டது. சோளத்தையோ வெங்காயத்தையோ அது தொடவே இல்லை.

ஆஸ்திரேலியாவிலும் இதே கள்ளித் தொல்லைதான். அங்கே காப்பாற்றியது ஓர் அந்துப்பூச்சி. நன்றி மறக்காமல் அதன் பெயரில் பூனார்கா கிராமத்தில் 1936-ல் மண்டபம் கட்டினார்கள். நம்ம பூச்சிக்கு மண்டபம் வேண்டாம். வரப்பில் ஒற்றையாக நிற்கிற கள்ளியில் வெள்ளைப் பஞ்சைப் பார்த்தால், அடையாளம் தெரிந்தால் போதும்!