சினை ஆடு வீழ்வதேன்?

ஆங்கிலப் பெயரை நேரே பெயர்த்துப் 'பால் சுரம்' என்று நாம் வழங்கும் கால்நடை நோயில் சுரமே இல்லை. ஈன்ற பசு காதுகள் சில்லிட்டு, எழமாட்டாமல் கிடக்கும். செம்மறியிலோ இந்நோய் ஈனுவதற்குச் சில வாரங்கள் முன்னரே தோன்றுவதுண்டு. அப்போது பாலும் இல்லை, சுரமும் இல்லை. பெயர் மட்டும் நிற்கிறது!

காரணம் புலப்படுமுன்னரே சிகிச்சை கிட்டியது விந்தையே. டென்மார்க்கில் கோல்டிங் நகரத்து மிருக வைத்தியர் ஷ்மிட் என்பார், மடியில் நஞ்சு உண்டாகிறதென்று எண்ணி, 1897-இல் பொட்டாசியம் அயோடைடுக் கரைசலை மடிக்குள் செலுத்தினார். பசுக்கள் பல பிழைத்தன. சில ஆண்டுகளில், மருந்தே வேண்டா, வெறுங்காற்றை அடைத்தாலே போதும் என்பது தெரிந்தது. நஞ்சுக் கொள்கை ஆட்டங்கண்டது. 1925-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டிரையரும் கிரெய்கும், இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்துக் குன்றுவதே மூலகாரணம் என்ற கருத்தை வெளியிட்டனர். மடியில் அழுத்தம் மிகும்போது பால் சுரப்பது தடைப்படுகிறது; இரத்தத்துச் சுண்ணாம்பும் பாலில் இறங்காமல் தங்குகிறது. காற்று செய்த உபகாரம் இவ்வளவே.

சினைச் செம்மறியில் அச்சத்தைக் கவர்வது வயிற்றுக் குட்டியின் எலும்பு. கால்சியம் போரோகுளுக்கோனேட்டைத் தோலின் கீழ்ச் செலுத்தினால், வீழ்ந்த ஆடு ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நடப்பதும் உண்டு.

எழாவிட்டால்? இங்கேதான் மேய்ப்பன் பெரிதும் ஏமாறுகிறான். ஏறத்தாழ 147 நாள் சினைக்காலத்தின் கடைசி ஆறு வாரங்களில்தான் குட்டியின் எடையில் பெரும்பகுதி சேருகிறது. குட்டிகள் இரண்டாயின், அவை வயிற்றை நெருக்க, தாய் அதிகம் தின்னவேண்டிய வேளையில் குறைவாகவே தின்கிறது. சர்க்கரை போதாமல் உடற்கொழுப்புக் கரைகிறது. கீட்டோன்கள் இரத்தத்தில் பெருகுகின்றன. ஆடு மந்தையை விட்டு ஒதுங்கும், கண் தெரியாததுபோல் முட்டிக்கொள்ளும், பல்லை நறநறவென்று கடிக்கும். மூச்சில் அசிட்டோன் மணக்கும். மெலிந்த ஆட்டுக்கு மட்டுமன்று, மிகக் கொழுத்த ஆட்டுக்கும் இது வரும். தொடக்கத்திலேயே கண்டு, குளுக்கோஸையோ புரோப்பிலின் கிளைக்காலையோ அளித்தால் பிழைக்கும். முற்றிவிட்டால், தாயைக் காக்கக் குட்டிகளை வெளியேற்றுவதே வழி. அப்போதும் உறுதி கூறவியலாது.

நம் நாட்டில் ஒற்றைக் குட்டி ஈனும் இனங்களே மிகுதியாதலால், இந்த இரண்டாம் நோயை அரிதென்று கருதியோர் உண்டு. ஆனால் 1962-இல் ராஜஸ்தானத்து அவிகாநகரில் நிறுவப்பட்ட மத்திய செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிலையம், மால்புரா ஆடுகளைச் சுந்தரவனப் பகுதியின் சிறிய கரோல் இனத்துடன் கலந்து, இரட்டைக் குட்டி ஈனும் ஆடுகளை உருவாக்கியது. அத்தகைய ஆட்டை வாங்குவோர், சினையின் கடைசி ஒன்றரை மாதத்திற்கான அடர்தீவனத்திற்கும் சேர்த்தே பணம் ஒதுக்கவேண்டும்.