நாகவல்லி ஏன் தமிழ் பேசினாள்?

'சந்திரமுகி' (2005) பார்க்காத தமிழ் வீடு வெளிநாட்டில் இருக்கிறதா என்ன? பிள்ளைகளுக்கு வசனமெல்லாம் மனப்பாடம். ஆனால் அந்தப் பேயின் பூர்வீகம் எது என்று கேட்டால் பெரியவர்களே முழிப்பார்கள். கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

பேய் வீட்டுப் படங்களைப் பற்றி ஒரு பழைய கேள்வி உண்டு. நம்மைப் பயமுறுத்துவது வீடா, கதையா? இருட்டும் மாடிப்படியும் ஆடுகிற ஜன்னல் திரையும் மட்டும் போதுமா?

1964-ல் வந்த மலையாளப் படம் 'பார்கவி நிலையம்'. இயக்கியவர் ஏ. வின்சென்ட். நம்ம 'காதலிக்க நேரமில்லை'க்கு ஒளிப்பதிவு செய்தவரேதான். கேமராக்காரர் இயக்கிய முதல் படம், ஒளிக்கும் நிழலுக்கும் குறைச்சல் இருக்குமா? ஆனால் எழுதியவர் வைக்கம் முகம்மது பஷீர். பேய் வீட்டுக்குக் குடிவரும் எழுத்தாளன், கூடக் குடியிருப்பவளிடம் பேசுவதுபோல அவளிடம் பேச ஆரம்பித்துவிடுகிறான். இருட்டைவிட அந்தப் பேச்சுதான் மனதில் நிற்கிறது.

அடுத்து 1993. மது முட்டம் எழுதி ஃபாசில் இயக்கிய 'மணிச்சித்திரத்தாழ்'. வேலைப்பாடு மிகுந்த கதவுத்தாழ் என்று அர்த்தம். படத்தின் மாடம்பள்ளி வீட்டுக்காகத் திருப்பூணித்துறை ஹில் பாலஸிலும், தக்கலை பக்கத்துப் பத்மநாபபுரம் அரண்மனையிலும் படம் பிடித்தார்கள்.

பத்மநாபபுரம், திருவனந்தபுரத்துக்கு முன்னால் திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த ஊர். 1956-ல் ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையிடம் நின்றுவிட்டது. தாழ்வான கூரை, மர வேலைப்பாடு, கண்ணாடி மாதிரி மின்னும் கறுப்புத் தரை. பளிங்கு மண்டபம் கிடையாது. ஆள் புழங்கிய வீடு மாதிரியே இருக்கும்.

அந்த வீட்டில் அடைபட்டுச் செத்தவள் தஞ்சாவூர்க்காரி. சும்மா கற்பனை என்று தள்ளிவிட முடியாது. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு, சுவாதித் திருநாள் (ஆட்சி 1829-1846) சபையில் இருந்தவர். தஞ்சாவூர்ச் சதிரும் சங்கீதமும் திருவனந்தபுரத்துக்குப் போன வழி அது. நாகவல்லியாக ஆடித் தேசிய விருது வாங்கிய ஷோபனாவும் லலிதா, பத்மினி, ராகினி குடும்பத்துப் பெண்தான்.

கோர முகமோ ரத்தமோ வேண்டியிருக்கவில்லை. மலையாளம் பேசிக்கொண்டிருந்த கங்கா திடீரென்று தமிழில் பேசுகிறாள். கேரளத் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது அங்கேதான்.

பிறகு கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' (2004), தமிழில் 'சந்திரமுகி', இந்தியில் 'பூல் புலையா' (2007). அரண்மனைகள் பெரிதாயின, விளக்குகள் கூடின, தமிழில் ரஜினிக்காகக் கதையின் எடையும் நகர்ந்தது. ஆனால் ஒன்றை மட்டும் யாரும் விடவில்லை. கன்னடத்திலும் தமிழிலும் பேய் தெலுங்கு பேசியது, இந்தியில் வங்காளம். வீட்டை மாற்றலாம், அடைபட்டவள் வேற்று மொழிக்காரி என்பதை மாற்றினால் கதையே இல்லை.

வேற்றூரில் குடியிருக்கும் நமக்கு இது சுலபமாகப் புரியும். பகல் முழுக்க ஊர் மொழி பேசிவிட்டு, கோபம் வந்தால் தமிழில் கத்துகிறோமே! :-)

அடுத்த லீவில் திருவனந்தபுரத்தில் இறங்கினால் பிள்ளைகளைப் பத்மநாபபுரம் கூட்டிப்போங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அரண்மனைக்கு விடுமுறை.