கருவியை அணைக்கலாம், விளக்கை அணைக்க முடியாது

இன்னைக்கு நாம பேசப்போற கதை ஜப்பான் கடற்கரையில ஆரம்பிச்சு விண்வெளி வரைக்கும் போகுது.

2017 நவம்பர் மாதக் கடைசி. ஜப்பானின் வடமேற்குக் கரையில் அகிதா என்று ஒரு மாகாணம். அங்கே ஓகா என்ற ஊரின் கடற்கரையில் ஒரு பழைய மரப்படகு ஒதுங்கிக் கிடந்தது. உள்ளே எட்டுப் பேரின் உடல்கள். சில உடல்களில் எலும்புதான் மிச்சம். அதற்குச் சில நாட்களுக்கு முன்னால், அதே அகிதாவின் இன்னொரு ஊரில் எட்டு ஆண்கள் உயிரோடு கரையேறியிருந்தார்கள். தாங்கள் வட கொரிய மீனவர்கள் என்றும், படகு பழுதாகி அடித்துக்கொண்டு வந்துவிட்டோம் என்றும் சொன்னார்கள்.

இது ஏதோ அபூர்வமா நடந்த ஒரு சம்பவம்னு நினைச்சுடாதீங்க. 2014லிருந்து 2018 வரைக்கும் ஐந்தே வருடங்களில் 505 வட கொரியப் படகுகள் ஜப்பான் கரையில் ஒதுங்கின. பல படகுகளில் ஆளே இல்லை. சிலவற்றில் பிணங்கள். ஜப்பானியப் பத்திரிகைகள் இவற்றுக்கு வைத்த பெயர் 'பேய்க் கப்பல்கள்'.

ஏன் இப்படி வருது? ஆளாளுக்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். உளவாளிகள் என்றார்கள் சிலர். தப்பி ஓடி வருகிறவர்கள் என்றார்கள் சிலர். 'மீன்பிடியைப் பெருக்கு' என்று கிம் ஜாங் உன் அரசு கொடுக்கிற நெருக்கடிதான் காரணம் என்றார்கள் இன்னும் சிலர். இந்தக் கடைசி விளக்கத்தில் உண்மை இருந்தது. ஆனால் மீன்பிடிக்கிறவன் ஏன் பத்துப் பதினைந்து மீட்டர் மரப்படகில் அவ்வளவு தூரம் போகணும்? சொந்தக் கடலில் மீன் இல்லையா?

வட கொரியாவுக்குப் போய்க் கேட்க முடியாது. அந்தக் கடலுக்குள்ளும் போக முடியாது. ஆனா மேலேயிருந்து பாக்கலாம். அப்படிப் பார்த்து 2020இல் ஒரு பதில் சொன்னார்கள். அதைப் புரிந்துகொள்ள, கடலைப் பார்க்கிற நான்கு கண்களின் வரலாற்றை முதலில் பார்த்துவிடலாம்.

நான்கு கண்கள்

முதல் கண், ஏ.ஐ.எஸ். என்கிற தானியங்கி அடையாள அமைப்பு. இது ஒரு ரேடியோ கருவி. 'நான் இந்தக் கப்பல், இந்த இடத்துல இருக்கேன், இந்தத் திசையில இவ்வளவு வேகத்துல போறேன்' என்று சில விநாடிகளுக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டே இருக்கும். இதைக் கண்காணிப்புக்காக உருவாக்கவில்லை. இருட்டிலும் பனியிலும் கப்பல்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் உருவாக்கினார்கள். வெளிநாடு போகிற, 300 டன் கொள்ளளவுக்கு மேற்பட்ட கப்பல்கள் எல்லாம் இதை வைத்திருக்க வேண்டும் என்று 2000இல் சர்வதேச விதி வந்தது. 2004 முடிவதற்குள் அது முழுமையாக நடைமுறைக்கும் வந்தது.

இதுல சுவாரசியம் என்னன்னா, அந்தச் செய்தியை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பூட்டு கிடையாது. மாடியில் ஒரு ஆன்டெனா வைத்தால் போதும். கிரேக்க நாட்டின் ஏஜியன் பல்கலைக்கழகத்தில் 2007இல் ஓர் ஆய்வு முயற்சியாகத் தொடங்கியதுதான் 'மரைன் ட்ராஃபிக்' தளம். உலகம் முழுக்க ஆர்வலர்கள் தங்கள் ஆன்டெனாவில் பிடித்ததை அனுப்பினார்கள். அதுவரை துறைமுக அதிகாரிகள் மட்டும் பார்த்த காட்சி, எல்லோருடைய கணினியிலும் தெரிய ஆரம்பித்தது.

ஆனா இந்தக் கண்ணுக்கு ஒரு பெரிய குறை. கருவியில் ஒரு ஸ்விட்ச் இருக்கு. அணைச்சா முடிஞ்சுது.

இரண்டாவது கண், இரவு வெளிச்சத்தைப் பார்ப்பது. 2011 அக்டோபரில் அமெரிக்கா 'சுவோமி என்.பி.பி.' என்ற செயற்கைக்கோளை ஏவியது. அதில் 'வியர்ஸ்' என்று ஒரு கருவி. நிலா வெளிச்சத்தில் மேகங்களைப் படம்பிடித்து வானிலை ஆய்வாளர்களுக்குக் கொடுப்பது அதன் வேலைகளில் ஒன்று. அந்தப் படங்களில் கறுப்புக் கடலுக்கு நடுவில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தது. பார்த்தால், மீன்பிடிப் படகுகள்! அமெரிக்க விஞ்ஞானி கிறிஸ்டோபர் எல்விட்ஜும் அவருடைய குழுவினரும் அந்தப் புள்ளிகளைத் தானாகவே கண்டுபிடித்து எண்ணும் முறையை உருவாக்கினார்கள். அந்தத் தரவும் பொதுவெளிக்கு வந்தது.

மூன்றாவது கண், ரேடார். 2014 ஏப்ரலில் ஐரோப்பா ஏவிய 'சென்டினல்-1' இந்த வகை. தானே ரேடியோ அலைகளை அனுப்பி, திரும்பி வருவதைப் படமாக்கும். மேகம், மழை, இருட்டு எதுவும் இதற்குப் பொருட்டில்லை. இரும்புக் கப்பல் பளிச்சென்று வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். படங்கள் இலவசம், நீங்களும் நானும் இறக்கிப் பார்க்கலாம். ஆனா மரப்படகை இது சரியாகப் பார்க்காது. இந்த விஷயத்தை மட்டும் ஞாபகத்துல வெச்சுக்கோங்க.

நான்காவது கண், சாதாரண ஒளிப்படம். 'பிளானெட்' என்ற நிறுவனத்தின் சின்னச் சின்ன செயற்கைக்கோள்கள் கிட்டத்தட்ட தினமும் பூமியைப் படமெடுக்கின்றன. ஒரு புள்ளி சுமார் மூன்று மீட்டர். கப்பலின் வடிவம் தெரியும். ஆனால் பகலும் வேண்டும், மேகமும் இருக்கக் கூடாது. இது வணிக நிறுவனம், எல்லாம் இலவசம் கிடையாது.

ஆக, நான்கு கண்களுக்கும் பார்வைக் குறை உண்டு. ஒன்று, சொன்னால்தான் கேட்கும். ஒன்று, விளக்கு எரிந்தால்தான் பார்க்கும். ஒன்று, இரும்பைத்தான் நன்றாகப் பார்க்கும். ஒன்று, வானம் தெளிந்திருந்தால்தான் பார்க்கும்.

ஒன்றின் மேல் ஒன்று

யானையைத் தடவிப் பார்த்த பார்வையற்றவர்கள் கதை நமக்குத் தெரியும். ஆளுக்கொன்று சொல்லிச் சண்டை போட்டார்கள். அவர்கள் உட்கார்ந்து பேசியிருந்தால் யானை கிடைத்திருக்கும், இல்லையா? கொரிய, ஜப்பானிய, அமெரிக்க, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சேர்ந்து செய்தது அதைத்தான். 'குளோபல் ஃபிஷிங் வாட்ச்' அமைப்பின் ஜேயூன் பார்க் தலைமையிலான அந்த ஆய்வு 2020 ஜூலையில் 'சயின்ஸ் அட்வான்ஸஸ்' இதழில் வெளியானது.

அவர்கள் பார்த்த கடலைக் கொரியர்கள் கிழக்குக் கடல் என்பார்கள், ஜப்பானியர்கள் ஜப்பான் கடல் என்பார்கள். அங்கே எல்லோரும் தேடிப் போவது கணவாய். கணவாய் வெளிச்சத்துக்கு வரும். அதனால் படகுகள் இரவில் வரிசை வரிசையாக விளக்கு எரிக்கும். ஏ.ஐ.எஸ். கருவியை அணைக்கலாம். ஆனால் விளக்கை அணைத்தால் கணவாய் வராது. பிழைப்புக்காக ஏற்றிய விளக்கே காட்டிக்கொடுத்துவிட்டது.

வட கொரியக் கடல் பகுதியில் 'வியர்ஸ்' கண்ணுக்கு மிகப் பிரகாசமான புள்ளிகள் தெரிந்தன. நூற்றுக்கணக்கான விளக்குகள் உள்ள பெரிய கப்பல்கள்தான் அப்படி ஒளிரும். வட கொரிய மரப்படகில் இருப்பது சில பல்புகள்தான். அடுத்து, அதே பகுதியின் ஒளிப்படங்களைக் கணினிக்குப் பழக்கித் தேட வைத்தார்கள். இரண்டு கப்பல்கள் பக்கத்தில் பக்கத்தில், ஒரே இடைவெளியில், ஒரே திசையில் போகும் ஜோடிகள் கிடைத்தன. நடுவில் ஒரே வலை. நம்ம ஊர் மீனவர்கள் இதை 'இரட்டை மடி' என்பார்கள். தமிழ்நாட்டில் அது தடைசெய்யப்பட்ட முறை. மூன்றாவதாக, ரேடார் படத்தை எடுத்து, எண்ணிக்கை சரிதானா என்று பார்த்தார்கள். கடைசியாக, ஏ.ஐ.எஸ்ஸை அணைக்காமல் விட்ட கொஞ்சம் கப்பல்களின் தடத்தைப் பின்னோக்கிப் போனார்கள். தடம் சீனத் துறைமுகங்களில் போய் நின்றது. தென் கொரிய அதிகாரிகள் வழியில் செய்த சோதனைகளும் அதையே சொன்னன.

முடிவு: 2017இல் 900க்கும் மேற்பட்ட கப்பல்கள். 2018இல் 700க்கும் மேல். இரண்டு வருடத்தில் அவை பிடித்த கணவாய் 1,60,000 டன்னுக்கும் அதிகம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. மதிப்பு 44 கோடி டாலருக்கு மேல். ஜப்பானும் தென் கொரியாவும் சேர்ந்து பிடித்ததற்குக் கிட்டத்தட்டச் சமம்.

இங்கே ஒரு சட்டச் சிக்கலும் இருக்கிறது. வட கொரியா தன் மீன்பிடி உரிமையை விற்கக் கூடாது என்று 2017 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவை தீர்மானமே போட்டுத் தெளிவாக்கியிருந்தது. ஆகவே அந்தக் கப்பல்கள் அனுமதி வாங்கிப் போயிருந்தால் அது தடை மீறல். வாங்காமல் போயிருந்தால் அது திருட்டு மீன்பிடி. எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்துதான். ஐ.நா. தீர்மானங்களை முறையாகவே பின்பற்றுகிறோம் என்பது சீன அரசின் பதில்.

மங்கலான விளக்குகள்

எனக்கு இந்த ஆய்வில் மறக்க முடியாத பகுதி இதற்கு அப்புறம்தான் வருது. அதே இரவுப் படங்களில் வேறு சில புள்ளிகளும் இருந்தன. மிக மங்கல். அவை வட கொரியக் கடலில் இல்லை, வடக்கே தள்ளி ரஷ்யக் கடலில் இருந்தன. வருடா வருடம் கூடிக்கொண்டே போயின. 2018இல் சுமார் 3,000 வட கொரியப் படகுகள் ரஷ்யக் கடலில், பெரும்பாலும் சட்டவிரோதமாக, மீன் பிடித்திருக்கும் என்று கணக்கிட்டார்கள்.

இப்ப ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. இருட்டுக் கப்பல்கள் உள்ளே வருகின்றன. பெரிய இரும்புக் கப்பலோடும் இரட்டை மடியோடும் மரப்படகு போட்டி போட முடியாது. அதனால் மரப்படகு தள்ளித் தள்ளிப் போகிறது, அவ்வளவு தூரத்துக்குச் செய்யப்படாத படகில். குளிர்காலத்தில் அந்தக் கடலில் வடமேற்குக் காற்று வீசும். இயந்திரம் நின்றால் காற்று கொண்டுபோய்த் தள்ளுகிற பக்கம் ஜப்பான். ஓகாவில் ஒதுங்கிய அந்த ஒரு படகு இப்படித்தான் வந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் 505 படகுகளுக்கு ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம் இதுதான்.

கணவாயின் ஆயுள் ஏறக்குறைய ஒரு வருடம். இந்த வருடம் முட்டையிட வேண்டியதைப் பிடித்துவிட்டால் அடுத்த வருடத்துக்கு எதுவும் மிஞ்சாது. 2003லிருந்து தென் கொரியாவின் கணவாய்ப் பிடிப்பு 80 சதவீதமும் ஜப்பானுடையது 82 சதவீதமும் சரிந்திருந்தன. இதற்குக் கடல் வெப்பம் உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஒரு பெரிய கப்பல் கூட்டத்தையே கணக்கில் சேர்க்காமல், கடலில் எவ்வளவு மிச்சம் என்று எந்த நாட்டால் கணக்குப் போட முடியும்?

முரண்பாடுதான் துப்பு

இதற்கு நேர் எதிரான ஒரு கதையும் உண்டு. 2021 ஜூன் 18. பிரிட்டனின் டிஃபெண்டர், நெதர்லாந்தின் எவர்ட்சன் என்ற இரண்டு போர்க்கப்பல்கள் உக்ரைனின் ஒடேசா துறைமுகத்துக்கு வந்தன. அன்று நள்ளிரவையொட்டி இரண்டும் கிளம்பி, ரஷ்யக் கடற்படைத் தளம் இருக்கிற செவஸ்தபோல் வாசல்வரை போனதாக ஏ.ஐ.எஸ். வரைபடம் காட்டியது. போர் மூளக்கூடிய சமாச்சாரம்! ஆனால் ஒடேசா துறைமுகத்தில் யூடியூபில் நேரலையாக ஓடிக்கொண்டிருந்த ஒரு கேமராவில், இரண்டு கப்பல்களும் கட்டிய இடத்திலேயே நின்றன. யாரோ பொய்த் தடத்தை உருவாக்கியிருந்தார்கள்.

அங்கே இருக்கிற கப்பல் தெரியவில்லை. இங்கே இல்லாத கப்பல் தெரிந்தது. இரண்டையும் உடைத்தது ஒரே வழி: ஒரு சாட்சியின் பேச்சை மட்டும் நம்பாமல், இன்னொரு சாட்சியைக் கூப்பிட்டு, இருவரும் எங்கே முரண்படுகிறார்கள் என்று பார்ப்பது.

ஆனா ஒண்ணு. முரண்பாடு கிடைத்தால் கேள்விதான் கிடைத்திருக்கிறது, தீர்ப்பு இல்லை. சின்னப் படகுகள் பலவற்றுக்கு ஏ.ஐ.எஸ். கட்டாயமே கிடையாது. கடற்கொள்ளையருக்குப் பயந்து அணைக்கிறவர்களும் உண்டு. 2024 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, உலகின் பெரிய மீன்பிடிக் கப்பல்களில் 72 முதல் 76 சதவீதம் பொதுக் கண்காணிப்பில் வருவதே இல்லை என்றது. அப்படித் தெரியாமல் ஓடுவது அதிகமாக நடப்பது ஆப்பிரிக்கா, தெற்காசியாவைச் சுற்றிய கடல்களில். இவர்கள் எல்லோரும் திருடர்கள் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. நாம் 'உலகக் கடல் வரைபடம்' என்று நம்பியதில் முக்கால்வாசிப் பேர் இல்லை என்றுதான் சொன்னது.

கடலில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பது ரொம்ப காலம் கடற்படைகளுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். இப்போது ஒரு மாணவியால் மடிக்கணினியில் ரேடார் படத்தையும் இரவு வெளிச்சத்தையும் அடுக்கி வைத்துப் பார்க்க முடிகிறது. அப்படிப் பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது பிரகாசமான புள்ளிகள்தான். பக்கத்துல மங்கலா ஏதாவது தெரியுதான்னும் பாருங்க. அந்தக் கடலில் யார் துரத்தப்பட்டார்கள் என்பதை அந்த மங்கல் புள்ளிகள்தான் சொன்னன.