காருக்கு டர்போ மாட்டப் போறீங்களா? பெட்ரோல் கணக்கை முதல்ல போடுங்க!

பழைய பெட்ரோல் காரில் டர்போவை மாட்டி, விசில் சத்தத்தோடு சீறிப் பாயும் ரீல்ஸை நீங்களும் பார்த்திருப்பீங்க. டர்போ என்ன சைஸ், எத்தனை பிஎஸ் ஏறிச்சு என்பதெல்லாம் அதில் வரும். டேங்கில் கிடக்கும் பெட்ரோல் பம்ப் பத்தி மட்டும் பேச்சே வராது. ஆனா, டர்போ மாட்டிய கொஞ்ச நாளிலேயே பிஸ்டன் ஓட்டையாகி இன்ஜின் இறங்கினால், மெக்கானிக் முதலில் சந்தேகப்படும் இடங்களில் ஒன்று பெட்ரோல் சப்ளைதான்.

அப்படி என்ன நடக்குது? எதையெல்லாம் மாத்தணும்? இதை ரோட்டில் ஓட்ட சட்டம் அனுமதிக்குதா? பார்க்கலாம்.

காத்து கூடினா பெட்ரோலும் கூடணும்

டர்போ செய்வது ஒரே வேலைதான். புகையின் வேகத்தில் சுழன்று, இன்ஜினுக்குள் அதிகக் காற்றைத் திணிக்கும். கூடுதல் பவர் அந்தக் காற்றில் இருந்து மட்டும் வராது. அதோடு சேர்ந்து எரியும் கூடுதல் பெட்ரோலில் இருந்துதான் வரும்.

காற்று ஏறி பெட்ரோல் ஏறாவிட்டால், அதை 'லீன்' என்பார்கள். லீனான கலவை அழுத்தத்தில் தாறுமாறாக வெடித்து, பிஸ்டனை சுத்தியலால் அடிப்பது போல அடிக்கும். அதுதான் நாக்கிங். முழு ஆக்சிலேட்டரில் சில விநாடிகள் நீடித்தாலே பிஸ்டன் ஓரம் உடையலாம், தலை உருகலாம். டவுனுக்குள் மெதுவாக ஓட்டும்போது எந்த அறிகுறியும் தெரியாது என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. பைபாஸில் ஏறி ஓவர்டேக் பண்ணும்போதுதான் தெரியும்.

ஸ்விஃப்ட்டை வைத்து ஒரு கணக்கு

நம்ம ரோட்டில் நிறைய ஓடும் மாருதி ஸ்விஃப்ட் 1.2 லிட்டர் பெட்ரோலை எடுத்துக்குவோம். 2018-ல் வந்த மாடலில் 83 பிஎஸ். (டீசல் ஸ்விஃப்ட்டில் டர்போ கம்பெனியிலேயே வந்தது. இங்கே பேச்சு பெட்ரோல் கார் பத்தி மட்டும்தான்.) இதை 130 பிஎஸ் ஆக்கணும் என்று ஒருவர் ஆசைப்படுகிறார். பவர் சுமார் 57 சதவீதம் கூடுது. அப்போ பெட்ரோலும் 57 சதவீதம் கூடினா போதுமே?

போதாது. டர்போ இல்லாத இன்ஜின் முழு வேகத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு சுமார் 225 கிராம் பெட்ரோல் குடிக்கும் என்பது டியூனர்கள் போடும் பொதுக் கணக்கு. டர்போ இன்ஜினுக்கு சுமார் 270 கிராம் வைப்பார்கள். உள்ளே சூட்டைத் தணிக்கவே கொஞ்சம் பெட்ரோலை அதிகமாக விட வேண்டியிருக்கும். பெருக்கிப் பார்த்தால், முழு வேகத்தில் மணிக்கு சுமார் 25 லிட்டராக இருந்தது 47 லிட்டர் ஆகுது. கிட்டத்தட்ட டபுள்!

இப்போ பங்கில் கிடைப்பது இ20. எத்தனாலில் எரிசக்தி குறைவு என்பதால், அதே பவருக்கு இன்னும் 6, 7 சதவீதம் அதிகம் பாயணும். ஆக மணிக்கு 50 லிட்டர் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இன்ஜெக்டருக்குக் கிடைப்பது 20 மில்லி செகண்ட்

6,000 ஆர்பிஎம்மில் இன்ஜின் விநாடிக்கு 100 சுற்று சுற்றுது. ஒரு சிலிண்டருக்கு ரெண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் பெட்ரோல் என்பதால், இன்ஜெக்டர் திறந்து மூட மொத்தம் 20 மில்லி செகண்ட் கிடைக்கும். அதில் 80 சதவீதத்துக்கு மேல் திறந்தே வைக்கக் கூடாது என்பது பட்டறை விதி. அதாவது 16 மில்லி செகண்ட்.

இந்த நேரத்துக்குள் வேலை முடியணும்னா, நிமிஷத்துக்கு சுமார் 130 சிசி விடும் இன்ஜெக்டர் போதும் என்றிருந்த இடத்தில், இ20-யும் சேர்த்து சுமார் 265 சிசி தேவை. 300 சிசி அளவில் எடுத்தால் கொஞ்சம் கையிருப்பு இருக்கும். 'எதுக்கும் இருக்கட்டும்'னு 1,000 சிசி வாங்கி மாட்டாதீங்க. ஐடிலில் தேவைப்படும் துளியளவு பெட்ரோலை அவ்வளவு பெரிய இன்ஜெக்டரால் சரியாக அளந்து விட முடியாது. வண்டி சிக்னலில் நின்னு நின்னு ஆஃப் ஆகும், மைலேஜும் போகும்.

பூஸ்ட் ஏறும்போது பெட்ரோல் குறையும்!

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ஃப்யூயல் ரெயிலில் 3 பார் அழுத்தம் இருக்குன்னு வைங்க. டர்போ இல்லாத காரில் அந்த 3 பாரும் பெட்ரோலைத் தள்ளும். டர்போ மாட்டி 0.7 பார் பூஸ்ட் ஏறினால், எதிர்ப்பக்கத்தில் இருந்து காற்று இன்ஜெக்டர் மூக்கிலேயே அழுத்தும். மிச்சம் 2.3 பார்தான். பாயும் அளவு சுமார் 12 சதவீதம் குறைஞ்சிடும். இன்ஜின் அதிகம் கேட்கிற அதே நேரத்தில் இன்ஜெக்டர் குறைத்துக் கொடுக்குது!

இதுக்குத்தான் பூஸ்ட் அழுத்தத்தைப் பார்த்து தானும் ஏறும் ரெகுலேட்டர். பூஸ்ட் 0.7 ஏறினால் ரெயிலில் 3.7 ஆகும். இப்போதைய பல கார்களில் ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே இருக்கு, ரிட்டர்ன் லைனே கிடையாது. அதனால் புதுசா ரிட்டர்ன் லைன் இழுக்க வேண்டி வரலாம்.

பம்ப் விஷயத்தில் இன்னொரு தப்பு நடக்குது. அழுத்தம் ஏற ஏற எந்தப் பம்பும் குறைவாகத்தான் தள்ளும். டப்பாவில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. 4 பாரில் எவ்வளவு, 13.5 வோல்ட்டில் எவ்வளவு என்று கேளுங்க. நம்ம ஸ்விஃப்ட் கணக்குக்கு, 4 பாரில் மணிக்கு 70, 80 லிட்டர் தந்தாலே தாராளம். கடையில் எல்லோரும் நீட்டும் 255 லிட்டர் பம்ப் இதுக்குத் தேவையில்லை. ரெகுலேட்டரால் திருப்பி அனுப்ப முடியாத அளவுக்குப் பெட்ரோல் சுத்தினால், டேங்கில் சூடு ஏறும், ரெயிலில் அழுத்தமும் கட்டுக்குள் நிற்காது.

நல்ல பம்பை மாட்டிட்டு பழைய வயரையே விட்டாலும் பிரச்சினைதான். வயரில் ஒண்ணு, ஒன்றரை வோல்ட் காணாமல் போனால் பம்ப் தளர்ந்துடும். தனி ரிலே, தடிமனான வயர், நல்ல எர்த் மூணும் வேணும்.

ஹோஸில் கஞ்சத்தனம் வேண்டாம்

இன்ஜின் போனா பணம்தான் போகும். ஹோஸ் விட்டால் வண்டியே எரியும். சூடான டர்போ பக்கத்தில் 3, 4 பார் அழுத்தத்தில் பெட்ரோல் பீய்ச்சினால் என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்லை. சாதாரண ரப்பர் ஹோஸ் எத்தனாலில் ஊறி உப்பி, பிறகு வெடிக்கும். ஃப்யூயல் இன்ஜெக்ஷனுக்கு என்றே வரும், எத்தனால் தாங்கும் ஹோஸ்தான் போடணும். எஸ்ஏஇ ஜே30ஆர்9 என்ற குறியீடு அச்சாகி இருக்கான்னு பாருங்க. டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் துண்டுக்கு ஆர்10 என்ற வேற ரகம். டர்போ பக்கம் போகும் லைனுக்கு ஹீட் ஷீல்டும் அவசியம்.

எல்லாம் மாத்தியாச்சு, ஓட்டலாமா?

இன்னும் இல்லை. இன்ஜெக்டர் பெருசானது காரின் ஈசியூவுக்குத் தெரியாது. பல கார்களில் இருக்கும் மேப் சென்சார், வெளிக்காற்று அழுத்தத்துக்கு மேல் அளக்கவே அளக்காது. பூஸ்ட்டை அளக்கும் சென்சாரும், அதுக்கேத்த டியூனிங்கும் வேணும்.

டியூனிங்கின்போது வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் இல்லாமல் முழு ஆக்சிலேட்டர் கொடுக்கும் பட்டறையில் வண்டியை விடாதீங்க. 14.7-க்கு 1 என்பது சுத்த பெட்ரோலின் கணக்கு. இ20-க்கு அது சுமார் 13.5. எண் குழப்பாமல் இருக்க லாம்டாவில் பார்ப்பது நல்லது. முழு பூஸ்டில் 0.80 பக்கத்தில் இருந்தால் நிம்மதி.

டைரக்ட் இன்ஜெக்ஷன் கார் என்றால் கதையே வேற. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில், இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் ஐ20 என் லைனில் 1 லிட்டர் டர்போ இன்ஜின் 120 பிஎஸ் தருது. பிஸ்டன் முதல் பம்ப் வரை டர்போவுக்காகவே வடிவமைத்தது அது. அங்கே கேம்ஷாஃப்ட்டால் ஓடும் ஹை பிரஷர் பம்ப் என்று தனியாக ஒன்று உண்டு. கடையில் இன்ஜெக்டர் வாங்கி மாட்டும் வேலை அதில் நடக்காது.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, ஆர்சியில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த விவரத்தில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தப்படி, மீறும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும் கிடைக்கலாம். வாரண்டி போயிடும். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் க்ளெய்மையும் மறுக்கலாம்.

அதனால்தான் இந்த வேலையை முறையாகச் செய்பவர்கள், வண்டியை டிரெய்லரில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கோ, கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீடுவேக்கோ கொண்டு போய் இறக்குறாங்க.